முக்கால் அங்குலத்தின் விலை

சிறிய கட்டையும் பெரிய தட்டும்

வைகாசி மாதம் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளின் பிரம்மோத்ஸவத்து ஏழாம் நாள் தேரோட்டத்தைக் கண்டவர்கள், எத்தனையோ பேர் வடம் பிடித்தாலன்றி அசையாத அந்தத் தேர் ஒருமுறை உருளத் தொடங்கிய பின், சக்கரத்தின் அடியில் பழகிய கை ஒன்று லாகவமாகச் செருகும் முட்டுக்கட்டையினால் திசை திரும்புவதையும், தேவைப்பட்ட இடத்தில் முனகிக்கொண்டே நின்றுவிடுவதையும் பார்த்து, இத்தனை பெரிய பாரத்தை இத்தனை சிறிய கட்டை எவ்வாறு நிறுத்துகிறது என்று ஒரு கணமேனும் யோசித்திருப்பார்கள். கட்டை பெரிதாக இருந்தால் இன்னும் நன்றாக நிறுத்துமே என்று தோன்றுவது இயற்கை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் காரியத்தைச் செய்துவருகிறவர்கள் கட்டையை அகலப்படுத்தவில்லை.

அதே ஊரில், பழைய ஜீப் வகைப் பிக்-அப் வண்டி ஒன்றை ஆசையினாலோ அவசியத்தினாலோ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்ற நிலை வந்தபின் பட்டறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் அடிப்பக்கத்தை இறக்கி, தேய்ந்த கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துக் காட்டுகிறார்.

"சார், மறுபடியும் எட்டரை வேணாம். ஒன்பதேகாலா போட்டுடலாம். பெருசா இருந்தா நல்லாப் புடிக்கும்."

"வேற ஏதாவது மாத்தணுமாப்பா?"

"பிளைவீல்ல புது ஓட்டை போடணும் சார். அவ்ளோதான்."

எட்டரை என்பதும் ஒன்பதேகால் என்பதும் அங்குலக் கணக்கில் தட்டின் விட்டங்கள். பெரிய தட்டு நன்றாகப் பிடிக்கும் என்பதில் பட்டறையில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஆயினும் பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தைத் திறந்தால், உராய்வு தொடும் பரப்பின் விஸ்தீரணத்தைப் பொறுத்தது அன்று என்று அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அப்படியானால் தட்டைப் பெரிதாக்குவதால் ஆவது என்ன? மெக்கானிக் சொல்லும் யோசனை பல சமயங்களில் சரியானதே. அவர் சொல்லும் காரணந்தான் சரியன்று. காரணம் தவறானால் என்ன, காரியம் நடந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது; ஏனெனில் அந்த முக்கால் அங்குலத்துக்கு ஒரு விலை உண்டு, அதை எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பவர்கள் அநேகர்.

செங்கல்லின் சாட்சி

ஒரு செங்கல்லைச் சிமெண்டுத் தரையில் படுக்கையாக வைத்து, அதில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் வில்தராசு ஒன்றை மாட்டி மெதுவாக இழுத்தால், கல் நகரும்போது தராசு ஓர் அளவைக் காட்டும். அதே செங்கல்லைக் குறுகிய பக்கம் தரையில் படும்படி நிமிர்த்தி வைத்து மறுபடி இழுத்தால், தரையைத் தொடும் பரப்பு வெகுவாகக் குறைந்துபோன பின்னும், தராசு ஏறத்தாழ அதே அளவையே காட்டும். கயிற்றைத் தாழ்வாகக் கட்டினால் கல் குப்புற விழாமல் வரும்.

பிரெஞ்சுக்காரராகிய அமோன்தோன் 1699இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் இந்த நியதியை எடுத்துரைத்தபோது, கேட்டவர்கள் எளிதில் நம்பவில்லை. அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இதைக் கண்டு தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அக்குறிப்புகள் அச்சேறாமல் கிடந்தமையால் உலகுக்கு அவை பயன்படவில்லை. 1785இல் கூலம் என்பவர் விரிவான பரிசோதனைகளைச் செய்து, உராய்வு என்பது ஒன்றையொன்று அழுத்தும் பாரத்தையும் பொருள்களின் சுபாவத்தையும் பொறுத்ததே தவிர விஸ்தீரணத்தைப் பொறுத்ததன்று என்பதை உறுதிப்படுத்தினார்.

ஏன் அப்படி என்பதற்குச் சரியான விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பௌடன், டேபர் என்னும் இருவரும், 1950இல் வெளிவந்த தம் நூலில் அதை விளக்கினார்கள். எவ்வளவு வழவழப்பாகத் தோன்றும் பரப்பும் நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கிறது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மேட்டு நுனிகள் மட்டுமே மெய்யாகத் தொடுகின்றன. பாரம் கூடக்கூட அந்த நுனிகள் நசுங்கி, மெய்யாகத் தொடும் இடம் கூடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பரப்பை அகலமாக்கினால், அதே பாரம் பல நுனிகளுக்குப் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றும் குறைவாக நசுங்குகிறது. மொத்தத்தில் மெய்யான தொடர்பு மாறுவதில்லை. தேரின் முட்டுக்கட்டை சிறிதாயிருந்தும் போதுமானதாக இருப்பதன் ரகசியம் இதில் பாதி. சக்கரம் கட்டையின்மேல் ஏற முயலும்போது தேரின் எடையில் ஒரு பெரும் பங்கு அந்தக் கட்டையின் தலையில் இறங்குகிறது. அந்தப் பாரந்தான் வேலை செய்கிறது, கட்டையின் அகலம் அன்று.

பிடிப்பு எதனால் வருகிறது

எஞ்சினோடு சதா சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் பிளைவீல். அதற்கு எதிரே, அதனோடு சேர்ந்தே சுழலும் இரும்பு வளையம் பிரஷர் பிளேட். இவ்விரண்டுக்கும் நடுவில், கியர் பாக்ஸுக்குள் செல்லும் தண்டின்மேல் கோத்திருக்கும் மெல்லிய தட்டே கிளட்ச் பிளேட். அதன் இரு முகங்களிலும் லைனிங் என்னும் உராய்வுப் பூச்சு வளையங்கள் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கின்றன. வலிய வில்கள் பிரஷர் பிளேட்டைத் தள்ளி நடுத்தட்டை இறுக்கிப் பிடிக்கும்போது மூன்றும் ஒன்றாகச் சுழன்று வண்டி ஓடுகிறது. காலால் பெடலை மிதித்தால் வில்களின் பிடி தளர்ந்து நடுத்தட்டு தனியாகிறது. யந்திரம் இவ்வளவே.

நடுத்தட்டு நழுவாமல் எவ்வளவு தூரம் எஞ்சினின் சுழற்சியைத் தாங்கும் என்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது: வில்களின் இறுக்கம், லைனிங்கின் உராய்வு எண், அதாவது அழுத்தும் பாரத்தில் எத்தனை பங்கு உராய்வாக மாறுகிறது என்னும் கணக்கு, உரசும் முகங்கள் இரண்டு என்பது, கடைசியாக, அந்த உராய்வு தண்டின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் செயல்படுகிறது என்பது. காஞ்சிபுரத்து நெசவாளர் நெய்த சேலையைப் படமரத்தில் சுற்றும்போது, மரத்தின் முனையிலுள்ள துளையில் கம்பு ஒன்றைச் செருகித் திருப்புகிறாரல்லவா? கம்பு நீண்டால் கைக்கு வருத்தம் குறைகிறது. இவ்வாறு விசையும் மையத்திலிருந்து அதன் தூரமும் சேர்ந்து செய்யும் முறுக்கும் ஆற்றலைத் திருப்புதிறன் என்று அழைப்போம்.

இந்த நான்கில் விஸ்தீரணம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டு பெரிதானால் உராய்வு கூடுவதில்லை. உராய்வு நடக்கும் இடம் மையத்திலிருந்து சற்றே தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அந்தச் 'சற்றே' எவ்வளவு என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

எட்டரையும் ஒன்பதேகாலும்

உதாரணத்துக்கு நம் நாட்டில் மிகுதியாகப் புழங்கிய ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1953இல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி வெளியிட்ட சி.ஜே. 3பி என்னும் ஜீப்பை, மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பல பத்தாண்டுகள் செய்துவந்தது. அதன் முதுகில் பின்தட்டும் சாமான் பெட்டியும் கட்டி ஓட்டியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதன் நான்கு சிலிண்டர் 'ஹரிகேன்' எஞ்சினின் உச்சத் திருப்புதிறன், அமெரிக்கக் கணக்கில் 114 அடி-பவுண்டு. நம் வழக்கில் சொன்னால், ஒரு மீட்டர் நீளமுள்ள கையின் நுனியில் 16 கிலோவுக்குச் சற்றே குறைவான எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு. (அக்காலத்து அமெரிக்கக் கம்பெனிகள் விசிறி முதலான உபகரணங்களைக் கழற்றிவிட்டு எஞ்சினை அளந்து, வந்த பெரிய எண்ணை விளம்பரத்தில் போட்டுக்கொண்டன, வண்டிக்குள் இருக்கும் எஞ்சின் அவ்வளவு தராது. நமக்கு இது நல்லதே. கணக்கில் ஒரு தாராளம் ஏற்படுகிறது.)

எஞ்சின் தரும் அளவை மட்டும் தாங்கும் கிளட்ச் போதாது. லைனிங் தேயும், வில் தளரும், பாரம் ஏற்றிய வண்டி திடீரென்று வெட்டி இழுக்கும். ஆகையால் பெட்ரோல் வண்டிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்றே குறைவாகத் தாங்கும் சக்தி வேண்டும் என்று கொள்வது வழக்கம். 16ஐ 1.4ஆல் பெருக்கினால் 22 வருகிறது. ஒரு மீட்டர் கையின் நுனியில் 22 கிலோ: இதுவே நம் இலக்கு.

எட்டரை அங்குலத் தட்டின் லைனிங் வளையத்துக்கு உள்விட்டம் 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் நடுக்கோடு மையத்திலிருந்து 9.2 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். சாதாரண லைனிங்கின் உராய்வு எண் 0.3, ஆகவே வில்கள் ஒரு கிலோ பாரத்தோடு அழுத்தினால் ஒரு முகத்தில் 300 கிராம், இரு முகங்களிலும் சேர்த்து 600 கிராம் உராய்வு விசை பிறக்கும். அது 9.2 சென்டிமீட்டர் தூரத்தில் செயல்படுகிறது. இலக்காகிய 22ஐ எட்ட வேண்டுமானால் வில்கள் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 400 கிலோ என்று விடை கிடைக்கிறது. நான்கு நெல் மூட்டைகளின் பாரத்துக்கு மேல், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வளையத்தின்மேல்!

இப்போது அதே 400 கிலோ இறுக்கத்தோடு, அதே 6 அங்குல உள்விட்டத்தோடு, ஒன்பதேகால் அங்குலத் தட்டைப் போடுவோம். நடுக்கோடு மையத்திலிருந்து 9.7 சென்டிமீட்டருக்குப் போகிறது. முக்கால் அங்குலம் பெரிய தட்டை வாங்கியும் உராய்வு நடக்கும் தூரம் அரை சென்டிமீட்டர்தான் கூடியது. தாங்கும் திறன் 22இலிருந்து 23க்கு ஏறியது. நூற்றுக்கு 5 பங்கு! பிளைவீலில் புது ஓட்டை போட்டு, பிரஷர் பிளேட்டும் வில்களும் அடங்கிய புது கவர் வாங்கி, இத்தனை சிரமப்பட்டதன் பலன் பிடிப்பைப் பொறுத்தவரை இதுதான். இதே 5 பங்கைச் சிறிய தட்டிலேயே பெற வேண்டுமானால், வில்களின் இறுக்கத்தை 400லிருந்து 420 கிலோவாக உயர்த்தினால் முடிந்தது. பெரிய தட்டு போட்ட பின் வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய தட்டோடு வரும் கவரில் வில்கள் வலியனவாக இருக்கின்றன, தேய்ந்த பழைய லைனிங் போய்ப் புதியது வந்திருக்கிறது. புகழ் மட்டும் விட்டத்துக்குப் போய்விடுகிறது.

ஆயின் விஸ்தீரணக் கணக்கைப் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. எட்டரை அங்குல வளையத்தின் ஒரு முகம் இருபத்தெட்டரைச் சதுர அங்குலம்; ஒன்பதேகால் வளையத்தின் முகம் 39. நூற்றுக்கு 37 பங்கு அதிகம். நடுவிலுள்ள ஓட்டை மாறாமல் வெளி விளிம்பு மட்டும் விரிவதால், சிறிது விட்டத்துக்குப் பெரிய பரப்பு கிடைக்கிறது. பிடிப்பில் 5, பரப்பில் 37: இவ்விரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது. உராய்வுக்கு விஸ்தீரணம் பொருட்டில்லை. ஆனால் தேய்மானத்துக்கும் உஷ்ணத்துக்கும் அது மிகவும் பொருட்டு. ஒரு குறிப்பிட்ட வேலைக்கு உதிரும் லைனிங் தூள் ஏறத்தாழ ஒரே அளவுதான். அது அதிகப் பரப்பிலிருந்து உதிர்ந்தால் ஆழம் குறைகிறது, தட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான காலம் உழைக்கிறது.

பாதி எப்போதும் நஷ்டம்

நின்றிருக்கும் வண்டியைக் கிளப்பும்போது எஞ்சின் சுழல்கிறது, சக்கரம் சுழலவில்லை. இந்த வித்தியாசத்தை ஒரு சில விநாடிகள் நழுவி நழுவிச் சமன் செய்வதே கிளட்சின் உத்தியோகம். அந்த நழுவலில் எவ்வளவு சக்தி உஷ்ணமாகப் போகிறது? எஞ்சினின் வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு சமதரையில் வண்டியைக் கிளப்பினால், எஞ்சின் தந்த சக்தியில் பாதி வண்டியின் ஓட்டமாகவும், பாதி கிளட்சில் உஷ்ணமாகவும் பிரிகிறது. தட்டு சிறிதோ பெரிதோ, மெதுவாக விட்டாலோ வேகமாக விட்டாலோ, இந்தப் பாதி மாறாது. முதன்முதலில் கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் வண்டியின் எடையையும் அது பெற்ற வேகத்தையும் தவிர வேறு எதுவும் இந்தக் கணக்கில் நுழைவதில்லை.

பாரத்தோடு சேர்த்து 2000 கிலோ எடையுள்ள நம் பிக்-அப், எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றில் இருக்க, முதல் கியரில் கிளம்பினால் கிளட்ச் முழுதும் பிடிக்கும்போது வண்டியின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். கிளட்சில் எஞ்சும் உஷ்ணம் 5 கிலோஜூல். மூன்று நான்கு கிலோ எடையுள்ள பிரஷர் பிளேட் அதில் பாதியை ஏற்றால் ஒன்றரைப் பாகை சூடேறும். ஒரு பொருட்டே இல்லை. சோம்பலினால் இரண்டாம் கியரில் கிளப்பினால், அதே 900 சுற்றுக்கு வண்டி 14 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். உஷ்ணம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் 16 கிலோஜூல் ஆகிவிடுகிறது. மூன்றாம் கியரில் கிளப்பும் சூரர்களும் உண்டு; அவர்களுக்கு 39. முதல் கியரைக் காட்டிலும் எட்டு மடங்கு ஏறக்குறைய! முக்கால் அங்குலத்தைப் பற்றி இவ்வளவு ஆலோசிக்கும் நாம், கியர்க் கம்பியை ஓர் இடம் தள்ளிப் போடுவதில் இருக்கும் வித்தியாசத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய கேடு, ஓட்டுநர்கள் 'ஆஃப் கிளட்ச்' என்று சொல்லும் பழக்கம். பிரம்மோத்ஸவத்து மூன்றாம் நாள் கருடசேவையன்று ராஜவீதிகளின் ஜனநெரிசலில் பெடலைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்து செல்வதும், சரிவில் பிரேக்கைத் தொடாமல் கிளட்சினாலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் இவ்வகை. பாலாற்று மணற்படுகையிலிருந்து கரையேறும் பாதை பத்தடிக்கு ஓரடி உயர்கிறது என்று கொள்வோம். அங்கே நம் வண்டியை முதல் கியரில், எஞ்சின் 1500 சுற்றில் இரைய, அசையாமல் கிளட்சினால் தாங்கி நிறுத்தினால், வண்டி ஓட்டம் எதுவும் பெறாதபடியால் சக்தி முழுவதும் உஷ்ணமாகிறது: விநாடிக்கு 7 கிலோஜூலுக்கும் மேல். ஒரே நிமிடத்தில் பிரஷர் பிளேட் 130 பாகைக்கு மேல் சூடேறிவிடும். பழைய லைனிங்குகளில் பசையாக இருக்கும் பிசின் 200, 250 பாகையை நெருங்கும்போது உராய்வு எண் சரியத் தொடங்குகிறது. எண் சரிந்தால் தட்டு இன்னும் நழுவும், நழுவினால் இன்னும் சூடேறும். தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்தக் கருகல் வாசனை எழும்போது காரியம் கைமீறிவிட்டது என்று கொள்ளலாம். பெரிய தட்டு இங்கே உதவுகிறது. உஷ்ணத்தைக் குறைப்பதால் அன்று, அதை வாங்கிக்கொள்ள அதிக இடமும் அதிக இரும்பும் வைத்திருப்பதால்.

பழைய பூட்ஸிலிருந்து

உராய்வுப் பூச்சு என்னும் சரக்கு பிறந்ததும் ஒரு சரிவில்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பாதைகளில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியை மட்டுப்படுத்த, பிரேக் கட்டையோடு பழைய பூட்ஸ் தோலை வைத்து அழுத்துவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், அதைவிட நன்றாகப் பிடிக்கும் சரக்கைத் தாமே செய்யப் புகுந்து, 1897இல் ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கினார். முதலில் பருத்தியும் பிசினும். உஷ்ணத்தில் பருத்தி கருகியதால் பிறகு கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ். கல்நார் தீயைத் தாங்கியது. ஆனால் அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் காரணமாகின்றன என்பது பின்னால் தெரிந்தது. பழைய வண்டியைத் திறப்பவர், கிளட்ச் கூட்டினுள் கிடக்கும் தூளைக் காற்றுக்குழாய் வைத்து ஊதுவது எங்கும் காணும் வழக்கம். அதைப்போல் அபாயமானது வேறில்லை. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும்.

எஞ்சின் மாறினால்

கிளட்சின் அளவைத் தீர்மானிப்பது வண்டியின் தோற்றமோ வயதோ அன்று. அதனுள் இப்போது இருக்கும் எஞ்சின். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போகவே, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலங்களைச் செய்து தந்தார்கள். அந்த வாயுவில் ஓடிய வண்டிகள் தம் இயல்பான சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இழந்து தள்ளாடி ஓடின. பிரயாணிகள் இறங்கித் தள்ளியிருக்கலாம்; ஆனால் அவற்றின் கிளட்சுகளுக்கு அதைப்போல் சுகவாழ்வு பிறகு வாய்த்திருக்காது.

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலைப் பொருத்தும் வழக்கம் பரவியது. டீசல் எஞ்சின், காகிதத்தில் அதே திருப்புதிறனைக் காட்டினாலும், ஒவ்வொரு வெடிப்பிலும் சம்மட்டி அடிப்பதுபோல் விட்டுவிட்டுத் தள்ளுகிறது. சராசரி ஒன்று, உச்சம் வேறு. ஆகவே டீசலுக்கு 1.4 போதாது, ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை தாங்கும் சக்தி வைப்பார்கள், தட்டின் நடுவில் அதிர்வை ஏற்கும் சிறு வில்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலைச் சொல்லிப் பிளேட் வாங்குவது வீண்.

பெரிதானால் என்ன கேடு

முக்கால் அங்குலம் சும்மா வருவதில்லை. சுழலும் பொருளை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது அதன் எடையை மட்டும் பொறுத்ததன்று; அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஒன்பதேகால் தட்டில் கூடிய லைனிங் முழுவதும் வெளி விளிம்பில் கூடியது. அதனால் லைனிங் வளையத்தின் சுழல் ஜடத்துவம் நூற்றுக்கு 50 பங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. பெடலை மிதித்த பிறகும் தட்டு தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருக்கும். பழைய ஜீப்பின் மூன்று கியர்ப் பெட்டியில் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ கிடையாது. தட்டு ஓயுமுன் கம்பியைத் தள்ளினால் 'கர்ர்' என்று பல் அரைபடுகிறது. பெரிய தட்டு போட்ட பிறகு கியர் விழவில்லை என்று கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு.

வலிய வில்களுக்கும் இதே கதை. 400 கிலோவை 550 ஆக்கினால் முட்டிக்கால் நோவது ஒருபுறம். பெடலிலிருந்து செல்லும் கம்பிகளும் ரிலீஸ் பேரிங்கும் எஞ்சின் தண்டின் முனைத்தடுப்பு வாஷரும் அந்தப் பாரத்தை ஒவ்வொரு மிதிக்கும் சுமக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: ஓட்டுநர் காலை வெடுக்கென்று எடுக்கும்போது கிளட்ச் சற்று நழுவுவதால்தான் அந்த அதிர்ச்சி பின்னால் போகாமல் தணிகிறது. நழுவவே நழுவாத கிளட்சைப் பொருத்திவிட்டால், அடுத்த பலவீனமான இடம் எதுவோ அங்கே முறியும். பாரவண்டியில் அது பெரும்பாலும் பின் ஆக்சில்.

அளவெடுத்தல்

ஹூண்டாயின் புதுக் கார்கள் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் வரிசை வரிசையாக இறங்குகின்றன. ஆனால் அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத காஞ்சிபுரத்தில் பழைய பிக்-அப்புக்குக் கிளட்ச் வேண்டுமானால், சென்னைப் புதுப்பேட்டைக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ பழைய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே இன்றும் வழி. அந்தப் பழைய தட்டையும் அப்படியே நம்பக் கூடாது. ஐம்பது அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அதற்குப் புது லைனிங் அடித்திருக்கும், முதலில் இருந்த அளவு எது என்று அது சொல்லாது. பிளைவீலின் முகத்தில் தட்டு உரசும் சமதளத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். லைனிங்கின் வெளி விளிம்பு அந்தச் சமதளத்துக்கு வெளியே ஒரு நூலளவும் நீட்டக் கூடாது. கவரின் போல்ட் ஓட்டைகளின் வட்டம், நடுத்தட்டின் துவாரத்திலுள்ள பற்களின் எண்ணிக்கை, கியர்த் தண்டின் கனம், கிளட்ச் கூட்டின் உள்ளே பெரிய கவர் சுழல இடம் இருக்கிறதா என்பது, இவை நான்கும் சரியான பிறகே விட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தட்டு தேய்ந்ததனால்தான் நழுவியதா என்று பார்க்க வேண்டும். லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் சந்தேகமில்லை. கனம் இருந்தும் முகம் கறுத்துப் பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால், எஞ்சின் தண்டின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தம். பழைய ஜீப் எஞ்சின்களுக்கு அது பிறவி வியாதி. எண்ணெய் பட்ட லைனிங்கின் உராய்வு எண் 0.3லிருந்து 0.1 வரை இறங்கிவிடும். தாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்காகிவிடும். 5 பங்கு தரும் பெரிய தட்டு இந்த நஷ்டத்தை எப்படி ஈடு செய்யும்?

காஞ்சிபுரத்து நிலம் சமதரை. பட்டு நூலும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளும் சென்னைச் சாலையிலும் ஓடும் பெட்ரோல் வண்டிக்கு, புது வில்களோடு கூடிய எட்டரை அங்குலமே தாராளம் என்பது என் அபிப்பிராயம். ஆற்று மணலிலும் கல் குவாரிப் பாதைகளிலும் இறங்கி ஏறுவதற்கோ, பின்னால் டிரெய்லர் கட்டி இழுப்பதற்கோ, டீசல் எஞ்சினுக்கோ ஒன்பதேகால் போடலாம். அப்படிப் போடும்போது பிளைவீலில் ஓட்டைகளைக் கை டிரில்லால் துளைக்க விடாமல், லேத்துப் பட்டறையில் குறியிட்டுத் துளைத்து, முகத்தையும் ஒரு சீவு சீவி, கவரோடு சேர்த்துப் பேலன்ஸ் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் முதல் கண்ணாடி வரை வண்டி முழுவதும் நடுங்கும். அதற்கும் மெக்கானிக் வேறொரு காரணம் சொல்வார்.